பின்பலகை மட்டும் சுவரில் நிற்கிறது

சரவணா,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. சௌக்கியமாகத்தான் இருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஏதோ ஓட்டலில் பிரியாணித் தட்டோடு நீ போட்டிருந்த படத்தை, நம்ம பலகைக் கடைக்குப் பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் தன் போனில் எனக்குக் காட்டினார். மகன் மெலிந்துவிட்டானே என்று வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்க வராத விரல், படம் போட மட்டும் எப்படி வருகிறது என்றுதான் தோன்றியது. போனில் பேசினபோதும் நீ பாதியில் வெட்டிவிட்டாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. இதை நான் ஒட்டாமல்தான் அனுப்பப் போகிறேன். உன்னோடு அறையில் தங்கியிருக்கிறவர்கள் வாசித்தாலும் சரி, நீ புதிதாகச் சேர்ந்திருக்கிற மாடுலர் கிச்சன் கம்பெனியில் யார் வாசித்தாலும் சரி. பலகையைத் தொட்டுப் பிழைக்கிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முத்துலெட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டாள். வில்லிபுத்தூரில், செண்பகத்தோப்பு போகிற ரோட்டில், நீ சமையலறை செய்து கொடுத்த புது வீட்டு முத்துலெட்சுமிதான். மதுரை ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம், பயிற்சியை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். வாசலை ஒட்டிய அறையில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் திரும்பிப் படுக்கவும் அவளுக்கு ஆள் வேண்டும். அவ்வளவு நீளமான தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டார்கள், தினமும் சிக்கெடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இத்தனை நாளில் நீ அதை உனக்கு நீயே வேறு மாதிரி சொல்லிப் பழகியிருப்பாய். அந்தப் பெண் வத்திராயிருப்பில் பிறந்தவள். கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்த பித்தளை அண்டா, குடம், தூக்குவாளி, வெண்கலப் பானை எல்லாவற்றையும், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் நீ மாட்டிக் கொடுத்த மேல் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டைக் கழுவி முடித்து, வெண்கலப் பானையைத் தேய்த்து வைக்கலாம் என்று ஸ்டூலில் ஏறிப் பானையை இழுத்திருக்கிறாள். பானை தனியாக வரவில்லை. பெட்டி முழுவதும் சுவரை விட்டுக் கழன்று, உள்ளே இருந்த சாமான்களோடு அவள் மேல் இறங்கிவிட்டது. மல்லாக்க விழுந்தவள் முதுகு மேடை ஓரத்துக் கல்லில் பட்டிருக்கிறது. சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள்தான் ஓடி வந்து தூக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் நாம் இரண்டு பேரும் மதுரைக்குப் போனோமே. அவள் வீட்டுக்காரர் மில்லில் இருந்து போட்ட சட்டையோடு ஓடி வந்தவர், அதைக்கூட மாற்றாமல் ஐசியூ வாசலில் நின்றார். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "அண்ணே, அது கப்பு சாசர் வைக்கிற யூனிட்டு. அதுல அண்டா குண்டாவ ஏத்துனா எப்படிண்ணே தாங்கும்?" பக்கத்தில் நின்ற நானும் தலையை ஆட்டினேன். பிள்ளை தொழில் தெரிந்தவன், சரியாகத்தான் சொல்லுவான் என்று ஆட்டினேன். அந்த மனுஷன் உன் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். புது வீட்டுக்கு எதற்கு இந்தப் பழைய சாமான் என்று ஏற்கெனவே அவருக்கு அந்தப் பாத்திரங்கள் மேல் எரிச்சல். அவள்தான் ஒற்றைக் காலில் நின்று கொண்டுவந்து சேர்த்தவள். ஆகவே இப்போது அந்த வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான். சொன்னதைக் கேட்காமல் கண்டதையும் மேலே அடுக்கித் தன் முதுகைத் தானே ஒடித்துக்கொண்டாள் என்கிறார்கள். வருகிறவர்கள் போகிறவர்களிடமும் அதையே சொல்கிறார்கள், அவள் காதுபடவே சொல்கிறார்கள்.

கப்பு சாசர் யூனிட்டாம்! நம்ம ஊரில் எந்த வீட்டுச் சமையலறையில் கப்பு சாசர் இருக்கிறது, சொல். டம்ளரில் காபி ஆற்றிக் குடிக்கிற ஊர் இது. பெண்ணுக்குக் கொடுத்த பாத்திரத்தை விற்கவும் மாட்டோம், தினமும் புழங்கவும் மாட்டோம். மேலே ஏற்றி வைப்போம், பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் இறக்குவோம். முன்பெல்லாம் அதற்கென்று சுவரோடு சேர்த்து கான்கிரீட்டில் பரண் போட்டார்கள். இப்போது அது அசிங்கமாக இருக்கிறது என்று இடித்துவிட்டு, அல்லது போடாமலே விட்டுவிட்டு, உன்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டு மேல் பெட்டி மாட்டச் சொல்கிறார்கள். பேர்தான் மாறியிருக்கிறது. புழக்கம் மாறவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த உனக்கு இது தெரியாதா? போனில் வெளியூர்க்காரன் சமையலறைப் படத்தைக் காட்டி ஆர்டர் பிடித்தாய், மாட்டும்போதாவது நம்ம ஊர்க்காரி எதை ஏற்றுவாள் என்று யோசித்திருக்க வேண்டாமா?

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவள் நாத்தனாரிடம் கொஞ்சம் சாப்பாடு கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். சமையலறைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பெட்டிதான் விழுந்திருந்தது. அதன் பின்பலகை சுவரிலேயே இருந்தது. ஆறு எம்எம் எம்டிஎஃப் பலகை, நீ அடித்த ஸ்குரூ ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், துளி அசையாமல் நின்றது. மூன்று பக்கமும் குட்டி ஆணிகள் பிய்ந்துபோன ஓட்டை வரிசை. பார்த்ததுமே விளங்கிவிட்டது. பெட்டியின் கனமான பக்கப் பலகைகளைச் சுவரோடு பிடிக்காமல், முதுகில் இருந்த மெல்லிய பலகையை மட்டும் சுவரில் முடுக்கியிருக்கிறாய். அந்தப் பலகையைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது விரல் நகம் நீளத்து ஆணிகள். அத்தனை பித்தளையும் அந்த ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

விழுந்த பெட்டியை உடைத்து வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். போய் ஒரு துண்டை எடுத்தேன். நடுவில் ஒரு நாள் மழை பெய்திருக்கிறது. துண்டு காபியில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊதிப்போய், விரலால் கிள்ளினால் மரத்தூளாக உதிர்ந்தது. பார்ட்டிகிள் போர்டு. அந்த வீட்டுக்கு நாம் பேசியது பிளைவுட், அதுவும் வெந்நீரில் வேக வைத்தாலும் பிரியாத பிடபிள்யூபி. கதவுகளுக்கு மட்டும் அதைப் போட்டிருக்கிறாய். பெட்டிக்கு, குடோனில் ஜவுளிக்கடை வேலைக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த பார்ட்டிகிள் போர்டு. இரண்டின் மேலும் ஒரே வெள்ளை நிறம். கதவைத் திறந்து பார்த்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நாத்தனார்காரி என்ன அத்தை முகம் இப்படி வெளுத்துப்போச்சு என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயில் என்று சொல்லி வாங்கிக் குடித்தேன்.

உனக்குத் தெரியாமல் நடந்திருக்கும், நம்ம ஆசாரி மாற்றிப் போட்டிருப்பார் என்று நினைத்துத்தான் அன்று சாயங்காலம் பெங்களூரில் இருந்த உனக்குப் போன் பண்ணினேன். நீ சொன்னாய்: "பால் காய்ச்சுற நாள் நெருங்கிட்டும்மா. கேரளா பிளைவுட் லோடு வரல. கொஞ்ச நாள் கழிச்சு, பொறவு மாத்திரலாம்னுதான் இருந்தேன்." அவ்வளவுதான். வெட்டிவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நீ பெங்களூரில் வேலை கிடைத்தது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை, பிள்ளை முன்னேறிப் போகிறான் என்று எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

பால் காய்ச்சுகிற நாள் குறித்துவிட்டால் மாற்ற மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, ஐயர் வருகிறார், அடுப்புப் பற்ற வைக்கும்போது சமையலறை நிறைந்து இருக்க வேண்டும். நம்ம தொழிலில் பாதித் தப்பு அந்தக் கடைசி இரண்டு நாளில்தான் நடக்கிறது. பசை காய்வதற்கு முன் லாமினேட் ஒட்டுவது, ஈரம் காயாத சுவரில் பெட்டியை மாட்டுவது, இல்லாத பலகைக்கு இருக்கிற பலகையை வெட்டுவது எல்லாம் அந்த அவசரத்தில்தான். லோடு செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மழையில் நின்றதும் உண்மை. ஆனால் அந்த ஒரு சுவரை மட்டும் வெறுமையாக விட்டிருக்கலாமே! "பலகை வரலக்கா, மேல் பெட்டி பொறவு மாட்டுதேன்" என்று சொல்லியிருந்தால் அவள் முகம் அரை நாள் வாடியிருக்கும். பால் பொங்கியிருக்கும். பந்தியும் நடந்திருக்கும். பிறகு நீ போய் ஒழுங்காக மாட்டியிருக்கலாம். மாட்டிய பிறகாவது, மாதக்கணக்கில் நேரம் இருந்ததே, ஒரு நாள் போய்க் கழற்றியிருக்கலாம். அந்த ரோட்டில் நீ போகாத வாரம் கிடையாது.

உனக்குத் தெரியாத வித்தை இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததுதான். நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, புதிதாக ஒரு கம்பெனிக்காரன் கொண்டுவந்த பிளைவுட்டைச் சோதிக்க இரண்டு பலகையில் இருந்து ஒவ்வொரு துண்டை வெட்டி வீட்டுக் குக்கரில் போட்டு வேக வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ கறி வேகிறது என்று ஆசையாக மூடியைத் திறந்து, ஏமாந்து, தெருவெல்லாம் "எங்க அம்மா பலகைக் குழம்பு வச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். உங்க அப்பா அதைச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்தார். அன்றைக்கு ஒரு துண்டு முழுசாக இருந்தது, இன்னொன்று வாழைப்பட்டை மாதிரி பிரிந்து மிதந்தது. இரண்டின் மேலும் ஒரே சீல்தான் அடித்திருந்தது. சீல் வெறும் மை, பலகையின் ஓரத்தைப் பார், இடைவெளி இருக்கிறதா என்று பார், தட்டிப் பார், ஒரு துண்டை வேக வை என்று அன்றைக்கே உனக்குச் சொன்னேன். நீயும் வருகிற கஸ்டமர்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லித்தான் வியாபாரம் பிடித்தாய்.

இருந்தாலும், இனிமேல் நீ எங்கே இந்த வேலையைச் செய்தாலும் உன் காதில் விழட்டும் என்று மறுபடி எழுதுகிறேன். பிளைவுட் என்பது, பென்சில் சீவுகிற மாதிரி மரத்தைச் சுற்றிச் சுற்றித் தாளாக உரித்து, ஒரு தாளை நெடுக்காகவும் அடுத்த தாளைக் குறுக்காகவும் வைத்துப் பசையில் அழுத்தியது. நார் இரண்டு பக்கமும் ஓடுவதால் ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும். அதிலும் எம்ஆர் என்று வருவது காற்றில் இருக்கிற ஈரத்தைத்தான் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. நடுவில் மரச்சட்டம் வைத்த பிளாக்போர்டு நீளமான கதவுக்கு நல்லது. மரத்தைப் பஞ்சாக்கி அழுத்திய எம்டிஎஃப்பில் பெயிண்ட் வழவழவென்று ஏறும், தண்ணீரைக் கண்டால் ஊதிவிடும். சிராயும் தூளும் பசையும் சேர்த்து அழுத்தியது பார்ட்டிகிள் போர்டு. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். நானே விற்கிறேன். படிக்கிற மேஜைக்குப் போடலாம், காய்ந்த அறையில் தரையில் நிற்கிற அலமாரிக்குப் போடலாம். அதன் ஓரத்தில் ஏற்றிய ஸ்குரூ ஒரு தடவைதான் பிடிக்கும், கழற்றி ஏற்றினால் தூள்தான் கொட்டும். சோறு வடிக்கிற ஆவி பட்டு ஒரு மழைக்காலம் கழிந்தால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும். ஆகவே அதைத் தலைக்கு மேல் மட்டும் தொங்கவிடாதே. எந்தப் பலகையில் செய்தாலும், மேல் பெட்டியைப் பக்கப் பலகைகளில் இரும்பு ஆங்கிள் கொடுத்து, செங்கல் வரைக்கும் போகிற போல்ட்டில் மாட்டு. நீளமான தட்டுக்கு நடுவில் ஒரு தாங்கல் கொடு.

கீழ்ப் பெட்டியைக் கால் வைத்துத் தூக்கிப் போடு. வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுகிற வீடுகள் இவை. கழுவாதீர்கள் என்று நீ சொன்னால் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. வீட்டுக்குத் தகுந்தபடிதான் பலகை போட வேண்டுமே தவிர, பலகைக்குத் தகுந்தபடி வீட்டுக்காரியை மாறச் சொல்லக் கூடாது. புது அலமாரியைத் திறந்தால் மூக்கில் ஏறிக் கண் எரிகிறதே, அதைப் புதுச் சாமான் வாசனை என்று கஸ்டமரிடம் சிரித்துக்கொண்டு சொல்லாதே. பசையில் இருந்து வருகிற ஃபார்மால்டிஹைடு வாயு அது. வாயு குறைவாக விடுகிற பலகையாகக் கேட்டு வாங்கு, வெட்டிய ஓரம் எல்லாவற்றையும் பட்டை ஒட்டி மூடு, கதவுகளைத் திறந்துபோட்டுக் காற்றாட விட்ட பிறகு துணியை வைக்கச் சொல். நாளைக்கு உனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால், புது வேலை முடிந்த கையோடு அந்த அறையை மூடி ஏசி போட்டுக் குழந்தையைப் படுக்க வைத்துவிடாதே. இதெல்லாம் அம்மா புத்தி சொல்கிறாள் என்று நினைக்கலாம். இந்த நேரத்திலும் உன் பிள்ளை மூச்சுவிடுவதைப் பற்றி எனக்குக் கவலை வருகிறதே, அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீ போனில் சொன்னதை உங்க அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பிறகு, வைத்தியத்துக்கு நம்மால் முடிந்ததைச் செய்வோம், ஆனால் வாயைத் திறக்காதே என்றார். "பெத்தவளே பிள்ளையக் காட்டிக் குடுத்தான்னு ஊரு பேசும். பொறவு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார். அவரைக் குற்றம் சொல்லாதே, நானும் அதைக் கேட்டுத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தினமும் கடையைத் திறந்தேன், பலகை விற்றேன், முத்துலெட்சுமிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம் உச்சுக் கொட்டினேன். உன்னை வயிற்றில் சுமந்தபோதுகூட இப்படிக் கனத்ததில்லை.

அவள் வீட்டுக்கு வந்த மறுநாள், பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அந்த அறையில் மருந்து வாடையும் பவுடர் வாடையும் கலந்து அடித்தது. எழுந்து ஒரு காபி போட்டுத் தர முடியவில்லையே என்று முதலில் அதற்கு வருத்தப்பட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்க அம்மா வீட்டுப் பாத்திரம்னு ஆசப்பட்டு ஏத்திட்டேன் அத்தை. என்னால தம்பி தொழிலுக்குல்ல கெட்ட பேரு வந்துட்டு. ஊர விட்டே போயிட்டானாமே." சரவணா, அவள் உனக்காக அழுதாள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடக்கிறவள், உன் பிழைப்பைத் தான் கெடுத்துவிட்டதாக நினைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். பழத்தை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாண்டில் எத்தனை ராஜபாளையம் பஸ் வந்து போனது என்று தெரியவில்லை, எதிலும் ஏறத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் இல்லை. சேத்தூரில் நீ சமையலறை செய்து கொடுத்த வீட்டின் நினைப்பு வந்தது. அதையும் இப்படித்தான் மாட்டியிருப்பாயோ என்று தோன்றிவிட்டது. விடிந்ததும் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டம்மா சிரித்தபடி வரவேற்று, தம்பி வேலை கல்லு மாதிரி இருக்கிறது என்று பெட்டிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு மூட்டை அரிசி அளவுக்குச் சாமான். அதற்கு நேர் கீழே அவள் பேத்தி உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. முதலில் குழந்தையை அங்கிருந்து தூக்கினேன். சாமானை இறக்கிவிட்டு ஆசாரி பெட்டியின் அடியில் கை கொடுத்து லேசாக முன்னால் இழுத்ததும், பெட்டிக்கும் பின்பலகைக்கும் நடுவில் விரல் போகிற அளவுக்கு வாய் பிளந்தது. அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் அவளிடம் பூசி மெழுகவில்லை. என் மகன் செய்தது தப்பு என்று சொல்லி, கழற்றி, ஆங்கிள் வைத்து மறுபடி மாட்டிவிட்டுத்தான் வந்தேன். நீ வேலை செய்த மற்ற வீடுகள் எவை எவை என்று எனக்கு முழுதாகத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். அந்த வீடுகளில் எல்லாம் யாராவது கீழே நின்று சமைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

சேத்தூரில் ஒரு முறை வாய்விட்டுச் சொன்னதும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. நேற்று மத்தியானம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வில்லிபுத்தூருக்குப் போனேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார், பஸ்ஸில் ஏறவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "முத்து, நீ அடுக்குனதால விழலம்மா. அவன் மாட்டுனது சரியில்ல. போட்ட பலகையும் சொன்ன பலகை இல்ல. அது அவனுக்குத் தெரியும்." அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணில் இருந்து தண்ணீர் காது வரைக்கும் ஓடியது, துடைக்கவும் கையைத் தூக்கவில்லை. பிறகு, "இத அவிய கிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்கத்தை. நான் சொன்னா நம்ப மாட்டாவ" என்றாள்.

ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்காரர் வரும் வரை காத்திருந்தேன். வந்ததும் சொன்னேன். அந்த மனுஷன் பேசிய பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை. பேசட்டும், எனக்கும் உனக்கும் அது சேர வேண்டியதுதான். போலீஸுக்குப் போவேன் என்றார். போங்கள், எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்கிறேன் என்றேன். பேசி ஓய்ந்து சமையலறைக்குள் போனார். சுவரில் இருந்த பலகையைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் காலை எடுத்து மடியில் வைத்து, டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி மடக்கி நீட்டத் தொடங்கினார். அவர் கை படுவது அவளுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

நான் உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். கோபப்பட வேண்டுமானால் தாராளமாகப் படு. நீ சின்னவனாக இருந்தபோது தப்பு செய்தால் என் முந்தானைக்குப் பின்னால் வந்து நிற்பாய், நானும் உங்க அப்பாவிடம் உனக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன். இதற்கு என்னிடம் இடம் இல்லை. உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை, அந்தப் பின்பலகையைப் பார்த்ததில் இருந்து ஒரு நாள்கூட எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் போய்ச் சொன்னது நான் சொன்னது மட்டும்தான். மாட்டினவன் நீ. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, இரண்டு நாள் லீவு போட்டு வா. வந்து அவள் முன்னால் நின்று, அந்த வீட்டு ஆட்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, விழுந்தது யாரால் என்று உன் வாயால் சொல். பிறகு மற்ற வீடுகளுக்குப் போவோம். நானும் உன்னோடு வருகிறேன்.

நேற்று நான் கிளம்பி வாசலைத் தாண்டும்போது முத்துலெட்சுமி கூப்பிட்டாள். திரும்பி உள்ளே போனேன். "தம்பி வருவானா அத்தை?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவளிடம், "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மா